எழவு வீட்டு டிரம்

மதினி,

இன்று காலை காபி டிரம்மைக் கழுவ உட்கார்ந்து, அடியில் இருக்கும் குழாயைத் திருகிக் கழற்றினேன். குப்பென்று ஒரு புளித்த நாற்றம். உள்ளே பால் தங்கி, திரிந்து, கெட்டிப்பட்டுக் கிடந்தது. பக்கத்துச் சந்தில் ஒரு துக்க வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போனவர்கள், மேலோடு ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி அலசிக் கொண்டுவந்து என் வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். குழாயைக் கழற்றத் தெரியாதவர்கள் இல்லை, கழற்ற மனம் வராதவர்கள். நீங்கள் இருந்திருந்தால் அந்த வீட்டு வாசலுக்கே போய் அவர்கள் மூக்குக்கு நேரே குழாயை நீட்டியிருப்பீர்கள். "வயித்தக் கழுவுனா போதுமா? தொண்டையக் கழுவ வேண்டாமா?" என்று கேட்டிருப்பீர்கள். அந்தக் குழாய்க்கு நீங்கள் வைத்த பெயர் தொண்டை.

நான் யார் வாசலுக்கும் போகவில்லை. புளியும் உப்பும் போட்டு, பழைய பிரஷ்ஷால் குடைந்து, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி வெயிலில் கவிழ்த்துவிட்டேன். கையில் மட்டும் அந்த நாற்றம் போகவில்லை. அந்தக் கையோடுதான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் ஒரு தப்பான எண்ணத்தைச் சுமந்துகொண்டு போய்விட்டீர்கள் மதினி. என் மகள் பிரியாவின் பிள்ளை செத்ததற்கு நீங்கள்தான் காரணம் என்று நம்பிக்கொண்டே கண்ணை மூடினீர்கள். அதை மாற்ற நான் படாத பாடு பட்டேன். உயிரோடு இருந்தபோதே என் பேச்சைக் கேட்காத ஆள், போன பிறகா கேட்கப் போகிறீர்கள்? இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நம் தெரு மகளிர் குழுவில் பொதுவாக ஒரு பொருள் வாங்கலாம் என்று பேச்சு வந்த நாள் நினைவிருக்கிறதா? ஒருத்தி பிளாஸ்டிக் நாற்காலி என்றாள். ஒருத்தி ஷாமியானா என்றாள். இன்னொருத்தி பிரியாணி அண்டா என்றதும் எல்லோரும் சிரித்தோம். திண்டுக்கல்லில் பிரியாணி அண்டாவுக்கா பஞ்சம்! நீங்கள் மட்டும் சிரிக்காமல், "காபி டிரம் வாங்குவோம்" என்றீர்கள்.

"எதுக்கு மதினி? கல்யாண மண்டபத்துல அவங்களே வச்சிருப்பாங்களே" என்று கேட்டது நான்தான்.

"கல்யாணத்துக்கு இல்ல. எழவு வீட்டுக்கு."

யாரும் ஒத்துக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. உங்களை எதிர்த்துப் பேசி ஜெயித்தவர் நம் தெருவில் கிடையாது என்பதால் தீர்மானம் தானாக நிறைவேறியது. வாங்கி வரும் வேலை நம் இருவர் தலையில் விழுந்தது.

ரத வீதிக்கு நடந்து போகும்போதுதான் காரணத்தைச் சொன்னீர்கள். நாங்கள் இந்தத் தெருவுக்குக் குடிவருவதற்கு முன்னால் நடந்தது அது. பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்த உங்கள் வீட்டுக்காரர் நெஞ்சுவலியில் போன நாள். நீங்கள் இருவரும் வீட்டை எதிர்த்துக் கட்டிக்கொண்டவர்கள். சாணார்பட்டிப் பக்கம் பூந்தோட்டம் வைத்திருந்த உங்கள் அண்ணன் தம்பிமார், கல்யாணத்தன்றே உங்களைத் தலைமுழுகிவிட்டார்கள். துக்க வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. வந்தவர்களுக்குக் காபியும் சோறும் கொண்டுவருவது பெண் கொடுத்த வீட்டாரின் உரிமை. அந்த உரிமையில் வேறு யாராவது முந்திக்கொண்டால், "நாங்க என்ன செத்தா போனோம்?" என்று பிணத்தை வைத்துக்கொண்டே சண்டைக்கு நிற்பார்கள். அதனால் தெருவே உங்கள் அண்ணன்மார் வருவார்கள் என்று காத்திருந்தது. அவர்கள் வரவே இல்லை.

"எல்லாரும் நல்லவகதான் செல்வி. ஒருத்தரும் கெட்டவுக இல்ல. உரிமக்காரன் வரட்டும், உரிமக்காரன் வரட்டும்னு ஆளாளுக்கு உக்காந்துருந்தாக. அவரத் தூக்குற வரைக்கும் எம் மகன் பச்சத் தண்ணியக் குடிச்சுட்டுக் கெடந்தான்" என்றீர்கள். அழவில்லை. ரோட்டைக் கடக்க என் கையைப் பிடித்தீர்கள், பிடி மட்டும் இறுக்கமாக இருந்தது. அந்தப் பக்கம் போனதும், "தெருவுக்குன்னு ஒரு டிரம்மு இருந்துச்சுன்னா அது யாரு வீட்டுதும் இல்ல பாரு. யாரு உரிமையும் போகாது" என்றீர்கள். எவ்வளவு யோசித்திருக்கிறீர்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

உங்களோடு பாத்திரக்கடைக்குப் போவது ஒரு தண்டனை. சத்துணவுக் கூடத்தில் அண்டாவோடு மல்லுக்கட்டிக் காலம் தள்ளியவர் நீங்கள். பாத்திரத்தைப் பார்த்தால், தரகர் மாட்டைப் பார்க்கிற மாதிரிதான் பார்ப்பீர்கள். கடைக்காரர் முதலில் பளபளவென்று ஒரு பித்தளை பாய்லரைக் காட்டினார். நடுவில் கரி போட ஒரு குழல், மேலே கும்பம் வைத்த மூடி. எனக்குப் பார்த்தவுடன் பிடித்துப்போனது.

"அழகுதான். வெறும் பாய்லரத் தூக்கவே ரெண்டு ஆளு வேணும். காபிய ஊத்திட்டா யாரு தூக்குறது? வருசம் பூரா புளி போட்டு வெளக்குறது யாரு, நீயா?" என்று என்னிடம் கேட்டீர்கள். நான் பாய்லரை விட்டு நகர்ந்தேன்.

அடுத்தது கரண்டில் ஓடுவது. சுவிட்சைப் போட்டால் நாள் முழுக்கச் சூடு இறங்காது என்றார் கடைக்காரர். "எழவு வீட்டுல பிளக் பாயிண்டு ஏதுப்பா? இருக்குற ஒண்ணுலயும் ஐஸ் பெட்டி வயரு மாட்டியிருக்கும். அதப் புடுங்கிட்டு இத மாட்டவா?" என்றீர்கள்.

கடைக்காரரின் முகம் சுண்டிவிட்டது. "அக்கா, காலைல மொத யாவாரம். எழவு கிழவுன்னு சொல்லாதீங்க. தெருப் பொதுவுக்குன்னு சொல்லுங்களேன்" என்று கெஞ்சினார். "சாவு தெருவுக்குப் பொதுதான?" என்றீர்கள். அவர் சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கடைசியில் இரட்டைச் சுவர் வைத்த இந்த எவர்சில்வர் டிரம்முக்கு வந்தீர்கள். முதலில் தோள்வரை கையை உள்ளே விட்டு அடிமூலையைத் தடவினீர்கள். கை போகாத பாத்திரம் கழுவ ஆகாது என்றீர்கள். கைப்பிடி ஒட்டியதா, ஆணி அடித்ததா என்று தட்டிப் பார்த்தீர்கள். டிரம்மைத் தரையில் வைத்து, குழாய்க்குக் கீழே ஒரு டம்ளர் நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்த்தீர்கள், துக்க வீட்டில் மேசை கிடைக்காது என்பதற்காக. தண்ணீர் ஊற்றச் சொல்லி, சொட்டுகிறதா என்று குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். கடைக்காரர் வேறு இரண்டு பேருக்கு வியாபாரம் முடித்துவிட்டு வந்தார். நீங்கள் எழுந்திருக்கவில்லை. முக்கியமாக ஒன்று சொன்னீர்கள்: "ரெண்டு பொம்பளைக ஆளுக்கொரு பக்கமாத் தூக்குற கனம் இருக்கணும். ஆம்பளைகள நம்பி வாங்கக் கூடாது. அன்னைக்கு அவுகளுக்குப் பந்தலு, பாடைன்னு வேற சோலி இருக்கும்."

முதல் வீட்டில் நாம் அடித்த கூத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. பூட்டுப் பட்டறைத் தெருவில் ஒரு பெரியவர். காபியை டிரம்மில் ஊற்றி, சீனியை மேலே கொட்டி, கரண்டியால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சீனி அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. முதலில் குடித்தவர்களுக்குப் பாகு, பின்னால் வந்தவர்களுக்குக் கஷாயம். அன்றிலிருந்து டிகாக்ஷனிலேயே சீனியைக் கரைத்து, கரைந்ததை நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் ஊற்றவிட்டீர்கள். ஊற்றுவதற்கு முன்னால் டிரம்முக்கு ஒரு குளியல் போடவேண்டும், கொதிக்கிற வெந்நீரில். "டிரம்மு குளுந்து கெடந்தா காபியோட சூட்ட அது குடிச்சுரும்" என்பீர்கள். பால் ஊற்றக்கூடாது, வரக்காப்பிதான். பால் திரிந்துபோனால் துக்க வீட்டில் நின்றுகொண்டு யாரைத் திட்டுவது?

கொடுக்கிற முறையையும் நீங்கள்தான் வகுத்தீர்கள். "வேணுமான்னு கேக்காத. கேட்டா வேண்டாம்பாக. கையில குடுத்துரு." லாரியில் அடிபட்டுப் புருஷனைப் பறிகொடுத்த அந்தப் பெண்ணை என்னால் மறக்க முடியவில்லை. காலையிலிருந்து கண்ணை இமைக்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு பொட்டுக் கண்ணீர் இல்லை. அழுதுரு, அழுதுரு என்று சொந்தக்காரர்கள் உலுக்கிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் ஒரு வார்த்தை பேசாமல் எதிரில் உட்கார்ந்து, சூடான டம்ளரை அவள் கைக்குள் வைத்து, அவள் விரல்களை அதன் மேல் மடக்கி, உங்கள் கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டீர்கள். சூடு ஏறியதும்தான் அவள் வாயைத் திறந்து அழுதாள். காபி உங்கள் சேலையில் கொட்டியது. நீங்கள் கையை எடுக்கவில்லை.

ஆனால் ஊர் வாய்க்கு உலைமூடி ஏது? நாம் ஆளுக்கொரு கைப்பிடியாகத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினால், எதிரில் வருகிறவர்கள் "எங்க போறீக?" என்று கேட்பதை விட்டுவிட்டு "யாரு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். டிரம்முக்கு எழவு வீட்டு டிரம் என்று பெயர் விழுந்தது. அடுத்து அந்தப் பெயர் உங்கள் மேல் ஒட்டியது. நானும்தான் தூக்கினேன். எனக்குப் புருஷன் இருக்கிறார், டவுன் பஸ்ஸில் கண்டக்டர், என்னை ஒன்றும் சொல்லமாட்டார்கள். உங்களுக்கு நெற்றி வெறும் நெற்றி. காதுகுத்துக்கு, பூப்புனித நீராட்டுக்கு எல்லாம் பத்திரிகை என் வீட்டோடு திரும்பியது. "நல்லது நடக்குறப்ப நான் வேண்டாம். கெட்டது நடக்குறப்ப நான் இல்லாம முடியாது. இதுல எது பெரும சொல்லு?" என்று சிரித்தீர்கள். சிரித்தது வாய் மட்டும்தான். ஒரு நாள் டிரம்மைத் துடைத்துக்கொண்டே, "ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, இது நல்ல வீட்டுக்குப் போகணும் செல்வி" என்று நீங்களாகவே சொன்னீர்கள்.

அந்த நல்ல வீடு என் வீடாக அமைந்தது. பிரியாவுக்கு ஏழாம் மாதம், வளைகாப்பு. உங்களை அத்தை, அத்தை என்று சுற்றிவந்த பெண். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் என் வீட்டுக்கு வருவதற்கு முன் உங்கள் அடுப்படிக்குப் போய்க் காபி குடித்துவிட்டு வருகிறவள். "வர்ற ஆளுகளுக்கு எல்லாம் அத்தை காபிதான். அந்த டிரம்முலதான்" என்று அவள்தான் பிடிவாதம் பிடித்தாள்.

நீங்கள் மாட்டேன் என்றீர்கள். "அது போற எடம் வேற, பிரியா. வேணாம்த்தா."

"அப்ப எனக்கு வளைகாப்பே வேணாம்" என்று உங்கள் வாசலில் உட்கார்ந்துவிட்டாள், அந்த வயிற்றோடு. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான், "அவ சொல்றதுல என்ன தப்பு? நீங்க கொண்டு வர்றீக" என்றேன். இப்போதும் அதையேதான் சொல்வேன்.

காலையில் டிரம்மைக் கொண்டுவந்தீர்களே, அடையாளம் தெரியவில்லை. கழுத்தில் மல்லிகைச் சரம், நெற்றி மாதிரி முன்பக்கம் மஞ்சளும் குங்குமமும். முதல் தடவையாக அதில் பால் காபி. நீங்கள் பெட்டியின் அடியில் கிடந்த பட்டுச்சேலையைக் கட்டியிருந்தீர்கள், மடிப்புக் கலையாமல். பந்தலில் ஓர் ஓரமாக நின்று ஒவ்வொருவருக்கும் பிடித்துக் கொடுத்தீர்கள். அன்று மட்டும் "குடிங்க, இன்னும் கொஞ்சம் வாங்கிக்கங்க" என்று வாயால் கேட்டுக் கொடுத்தீர்கள். அந்தக் குரலில் நான் உங்களைக் கேட்டதே இல்லை.

யார் சொன்னார்களோ, பிரியாவின் மாமியாருக்குத் தெரிந்துவிட்டது. "இது எழவு வீட்டுக்குப் போற டிரம்முல்ல?" என்று பந்தலுக்கு நடுவில் நின்று கேட்டார். பாதிப் பேர் டம்ளரைக் கீழே வைத்தார்கள். நீங்கள் குழாயை மூடிவிட்டுச் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தீர்கள். பிரியா மணையிலிருந்து எழுந்து, கை நிறைய வளையல் குலுங்க நடந்து வந்து, "அத்தை, இன்னொரு டம்ளர்" என்றாள். நின்றபடியே முழுவதையும் குடித்தாள். உங்கள் கண் நிறைந்திருந்தது. உங்கள் வாழ்க்கையில் அதைப் போல ஒரு நாள் வந்ததில்லை என்று எனக்குத் தெரியும்.

எட்டாம் மாதம் முடிகிற நேரத்தில், பிள்ளை அசையவில்லை என்றாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது எல்லாம் முடிந்திருந்தது. கொடி கழுத்தைச் சுற்றிக்கொண்டதாக டாக்டரம்மா சொன்னார்கள். பையன். தலை நிறைய முடி. துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள், அந்தக் கனம் இன்னும் என் கையில் இருக்கிறது.

நீங்கள் வெந்நீர் பிளாஸ்க்கோடு வராந்தாவில் வந்து நின்ற நேரம்தான், பிரியாவின் மாமியார் அதைச் சொன்னார். "எழவு வீட்டு டிரம்முல காபி ஊத்துனா எழவு வராம என்ன வரும்?" நான் பாய்ந்து பேசுவதற்குள் நீங்கள் பிளாஸ்க்கைப் பெஞ்சில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டீர்கள். மறுநாள் என் வாசலில் டிரம் இருந்தது. குழாய் கழற்றி, துடைத்து, தனியாக ஒரு துணியில் முடிந்து உள்ளே வைத்திருந்தீர்கள். வீட்டுக்குள் நீங்கள் வரவில்லை.

உங்கள் வீட்டுக்கு வந்து நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். "கொடி சுத்திக்கிட்டதுக்கு டிரம்மு என்ன பண்ணும்? டாக்டரு சொன்னது காதுல விழலையா?" என்று கத்தினேன்.

"டாக்டரு சொன்னது காதுல விழுந்துச்சு. தெரு சொன்னது நெஞ்சுல விழுந்துருச்சு" என்றீர்கள். "என் ஆசைக்குத்தான கொண்டு வந்தேன். வேணாம்னு சொன்னவ, கடைசி வரைக்கும் சொல்லியிருக்கணும்."

அதற்குப் பிறகு நீங்கள் காபி குடிப்பதையே விட்டுவிட்டீர்கள். என்னைப் பார்த்தால் கதவைச் சாத்தினீர்கள். பிரியா என் வீட்டில் ஒரு மூலையில் சுருண்டு படுத்தாள். புருஷன் வீட்டிலிருந்து கூப்பிட்டு ஆள் வரவில்லை. தலை வாருவதில்லை, பேசுவதில்லை. ஒரே தெருவில் இரண்டு வீடுகளில் இரண்டு பேர் சாப்பாட்டைத் தள்ளிவிட்டுக் கிடந்தீர்கள். நான் நடுவில் தையல் மிஷினை மிதித்துக்கொண்டு இருந்தேன். அந்த மாதங்களில் எனக்கு யார் மேல் கோபம் அதிகம் என்று கேட்டால், உங்கள் மேல்தான். தெரு முட்டாள்தனமாகப் பேசும், அதன் குணம் அது. துக்க வீடு ஒவ்வொன்றிலும் நடுவில் நின்ற நீங்கள் எப்படி அதை நம்பலாம்?

சர்க்கரை உங்கள் காலில் இறங்கி, புண் புரையோடி, காய்ச்சலில் உங்களைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகத் திருப்பூரிலிருந்து உங்கள் மகன் போன் பண்ணினான். நான் பார்க்கக் கிளம்பிய அன்று காலையில், அத்தனை மாதம் கழித்துப் பிரியா ஒரு வார்த்தை கேட்டாள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் திரும்பி, "அத்தை எங்கம்மா? அத்தை போடுற காபி வேணும்" என்றாள். நான் செருப்பைக்கூட மாட்டாமல் பஸ் ஏறினேன். இதைவிட நல்ல மருந்தை உங்களுக்கு எந்த டாக்டரும் கொடுக்க முடியாது என்று நினைத்தேன்.

வார்டில் நீங்கள் பாதியாகக் கிடந்தீர்கள். மூச்சிரைக்கச் சொன்னேன். சொன்னபோது உங்கள் முகம் ஒரு நொடி மலர்ந்தது, அதை நான் பார்த்தேன். அடுத்த நொடியே மூடிக்கொண்டது.

"பொய் சொல்லாத செல்வி. எனக்காகச் சொல்ற."

"கோட்டை மாரியம்மன் மேல சத்தியமா மதினி..."

"சத்தியம் பண்ணாத!" என்று என் கையைத் தட்டிவிட்டீர்கள். "அதுவும் அந்தப் புள்ள தலையிலதான் வந்து விழும்." சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். பார்வை நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து விரட்டும்வரை நீங்கள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டுக்கு வந்து பிரியாவிடம் சொன்னேன். எழுந்து உட்கார்ந்தாள். "நாளைக்கு நானே வாரேன். எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும், பொய்யின்னு" என்றாள். தலைக்குக் குளித்தாள். நான் சிக்கெடுத்துப் பின்னிவிட்டேன். மறுநாள் காலையில் அவள் சேலை கட்டிக்கொண்டிருந்தபோது உங்கள் மகனிடமிருந்து போன் வந்தது.

உங்களைக் கொண்டுவந்து ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். சாணார்பட்டியிலிருந்து உங்கள் அண்ணன் தம்பிமார் இந்தத் தடவை வந்துவிட்டார்கள், சொந்தத் தோட்டத்துச் சம்பங்கி மாலையோடு. மாலை போட்டார்கள், அழுதார்கள், நாற்காலியில் உட்கார்ந்தார்கள். காபி வரவில்லை. இத்தனை வருஷம் ஒட்டாமல் இருந்துவிட்டு உரிமை கொண்டாடக் கூச்சம் அவர்களுக்கு. உரிமைக்காரர்கள் உட்கார்ந்திருக்கும்போது முந்திக்கொள்ளத் தயக்கம் தெருவுக்கு. உங்கள் மகன் பெட்டிக்குப் பக்கத்தில் வறண்ட உதட்டோடு நின்றான்.

வீட்டுக்கு ஓடி அடுப்பை மூட்டினேன். டிரம்முக்கு வெந்நீர்க் குளியல் போட்டேன். சீனி கரைந்ததா என்று நாக்கில் வைத்துப் பார்த்து ஊற்றினேன். தூக்க ஆள் இல்லை. என் வீட்டுக்காரர் டூட்டியில். வாசலில் நின்ற பெண்களைப் பார்த்தேன். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவர்களில் இரண்டு பேர் வீட்டுக்கு நீங்களும் நானும் இதே டிரம்மைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறோம். அப்போது பிரியா உள்ளேயிருந்து வந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மறுபக்கத்துக் கைப்பிடியைப் பிடித்தாள்.

"ஏ புள்ள, நீ தொடாத. நாளைக்குப் பெறப்போற வயிறு" என்று ஒரு கிழவி தடுத்தாள்.

"எம் புள்ள காபியால சாகல. கொடி சுத்திச் செத்துச்சு" என்றாள் பிரியா. "தூக்கும்மா."

உங்கள் வீட்டு வாசலில் இறக்கினோம். அவளே குழாயைத் திறந்து இரண்டு டம்ளர் பிடித்தாள். ஒன்றை உங்கள் தலைமாட்டில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். மற்றதோடு பெட்டிக்கு நேரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அத்தனை பேர் பார்க்க, கண்ணாடி வழியே உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே மடக்கு மடக்காகக் குடித்தாள். கண்ணீர் டம்ளருக்குள் விழுந்தது, அதோடு சேர்த்துக் குடித்தாள். பிறகு எழுந்து, உங்கள் மகன் கையில் ஒரு டம்ளரை வைத்தாள். வேணுமா என்று கேட்கவில்லை.

உங்கள் மகன் குடித்தான். உங்கள் அண்ணன்மார் குடித்தார்கள். இன்னும் சிலர். மற்றவர்கள் தொடவில்லை. எந்த வீட்டிலிருந்தும் காலியாக, ஒரு கையில் தொங்கவிட்டுத் தூக்கிவந்த டிரம், உங்கள் வீட்டிலிருந்துதான் கனமாகத் திரும்பியது. மீந்ததை என் கையால் சாக்கடையில் ஊற்றினேன். அன்று நான் இந்தத் தெருவைத் திட்டிய திட்டு எதையும் எழுத முடியாது.

இப்போது அவர்களே வருகிறார்கள். வீட்டில் ஒருவர் கண்ணை மூடினால் முதலில் என் கதவைத்தான் தட்டுகிறார்கள். சாவு விழுந்த வீட்டுக்கு மட்டும் டிரம்மில் தீட்டு இல்லை போல. நான் தருகிறேன். தரமாட்டேன் என்று சொல்ல நாக்கு துடிக்கும், பச்சைத் தண்ணீர் குடித்துக் கிடந்த உங்கள் மகன் ஞாபகம் வரும், தந்துவிடுவேன். முடிந்தபோது நானும் பிரியாவும் தூக்குகிறோம். அவள் இன்னும் என்னோடுதான் இருக்கிறாள். மிஷினில் உட்காருகிறாள், வாருகிறாள், பேசுகிறாள். புருஷன் வீட்டில் விவாகரத்து வாங்கி முடித்துவிடுவது பற்றிப் பேச்சு நடக்கிறது. நடக்கட்டும்.

எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான் மதினி. நர்ஸ் என்னை வெளியே அனுப்பிய பிறகு, அந்தச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ராத்திரியில், ஒரு தடவையாவது, செல்வி சொன்னது நெசமா இருக்குமோ என்று நினைத்தீர்களா? நினைத்திருந்தால் எனக்கு அது போதும். கேட்க ஆள் இல்லை, சொல்ல ஆள் இல்லை. உங்கள் திரும்பிய முதுகைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

சத்தியம் பண்ணாதே என்றீர்கள். பண்ணவில்லை. அவள் கேட்டாள் மதினி, அவ்வளவுதான். அத்தை போடுற காபி வேணும் என்று கேட்டாள்.